கத்தோலிக்கக் கோவில் மணி அடிக்கப் பழகுகிற தம்பி தங்கச்சிமாருக்கு

புதிதாக ஒரு பிள்ளை மணி அடிக்க முன்வந்தால் கயிற்றைக் கையில் கொடுத்து "இழு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அது போதவே போதாது. மணியைக் கேட்கிற ஆக்களில் நிறையப் பேர் அந்த நேரம் கோவிலுக்குள் இல்லை. ஒருவர் கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பார், ஒருவர் அடுப்படியில் நிற்பார், ஒருவர் எழும்ப முடியாமல் கட்டிலில் கிடப்பார். கேட்ட உடனே இது பூசை மணியா, மூன்று வேளையும் மாதாவை நினைத்துச் சொல்லுகிற திரிகால செபமா, செத்தவீடா என்று அவர்களுக்கு விளங்க வேண்டும், அதை விளங்க வைப்பது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நீங்கள் விடுகிற இடைவெளிதான். வாழ்நாள் முழுக்க திருகோணமலையில் மணிக் கயிறு பிடித்தவன் என்ற முறையில் நான் முதலில் சொல்லித் தருவதும் இதைத்தான்.

கயிற்றைத் தொட முதல் மேலே ஏறி மணியை வடிவாகப் பாருங்கள். சில கோவில்களில் மணியே ஆடும், உள்ளே தொங்குகிற நாக்கு போய் அதன் விளிம்பில் அடிக்கும். சிலவற்றில் மணி அசையாது, கயிறு நாக்கில் கட்டியிருக்கும். இரண்டுக்கும் கைப்பழக்கம் வேறு. (இங்கிலாந்தில் மணியைச் சக்கரத்தில் பூட்டி முழு வட்டமாகச் சுழற்றி, பல மணிகளை வரிசை மாற்றி மாற்றி அடிப்பார்கள், 17ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த பெரிய கலை அது. நம்ம பக்கத்துச் சின்னக் கோவில்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.)

ஆடுகிற மணி என்றால் ஊஞ்சல் மாதிரித்தான், அதற்கென்று ஒரு வேகம் உண்டு, நீங்கள் அவசரப்பட்டால் அது அவசரப்படாது. முதல் இரண்டு மூன்று இழுப்பில் சத்தம் வராது, வரவும் தேவையில்லை, கயிறு கீழே வரத் தொடங்கும்போது மட்டும் மெதுவாகக் கூட இழுத்து, மேலே போகும்போது கையைத் தளர்த்திக் கயிற்றோடேயே போக விடுங்கள். நிறுத்தும்போதும் பிடித்து உலுக்காமல் தானாக ஓய விடுங்கள். கயிற்றை ஒருநாளும் மணிக்கட்டில் சுற்றக்கூடாது, பாரமான மணி ஆளையே தூக்கிவிடும்.

நாக்கில் கயிறு கட்டிய மணிக்குத்தான் ஆபத்து கூட. அடித்த அந்தக் கணமே கயிற்றை விட்டுவிட வேண்டும். நாக்கை இழுத்து விளிம்போடு அழுத்திப் பிடித்தால் அதிர்வு போக வழியில்லாமல் மணி வெடித்துவிடலாம். கோவில் மணி வெண்கலம், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு செம்பு, மிச்சம் தகரம், அதனால்தான் அந்த நாதம், அதனால்தான் கண்ணாடி போல வெடிக்கிற குணமும். வெடித்ததைச் சாதாரண வெல்டிங்கால் ஒட்டி அந்தக் குரலைத் திரும்ப எடுக்க முடியாது.

இப்போது திரிகால செபம். காலை 6, நடுப்பகல் 12, பின்னேரம் 6. மூன்று அடி, பிறகு ஒரு "அருள் நிறைந்த மரியே" செபம் சொல்லி முடிக்கிற அளவு அமைதி, திரும்ப மூன்று, திரும்ப அமைதி, இன்னொரு மூன்று, கடைசியில் ஒன்பது. அந்த அமைதியில் மனதுக்குள் எண்ணாதீர்கள். வாய் அசைத்துச் செபத்தைச் சொல்லுங்கள், நேரம் தானாகச் சரியாகும், வீட்டில் நின்று செபிக்கிறவரோடு நீங்களும் ஒன்றாக முடிப்பீர்கள். ஒவ்வொரு மூன்றுக்குள்ளும் அடித்த ஒலியின் கூர்மை அடங்கி, அடியில் ஓடுகிற அந்தக் கனமான ரீங்காரம் மட்டும் மிஞ்சும்போது அடுத்ததை அடியுங்கள். இது காதுக்குப் பிடிபடக் கன நாள் எடுக்கும். தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றுக் காலத்தில் சத்தம் கடல் பக்கம் அள்ளிக்கொண்டு போகும், வடகிழக்கு வாடைக்கு ஊருக்குள் வரும், ஆனபடியால் ஒருநாள் வேறு யாரையாவது அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தெருவில் நடந்து கேட்டுப் பாருங்கள்.

துக்க மணி ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் ஒவ்வொரு முறை, அதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். எந்த முறை என்றாலும் ஒரு அடியின் ஒலி முழுதாக அடங்காமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள். வீட்டுக்காரர் அந்த மணியைச் சாகும்வரை மறக்க மாட்டார்கள். இலங்கையில் 2019 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்ரல் 21 காலை 8.45க்கு நினைவு மணி அடிப்பதும் வழக்கமாகியிருக்கிறது, அதற்கும் இதே நிதானம்தான்.

உயிர்ப்புக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் என்ற புகழ்ப் பாட்டோடு மணி ஓய்ந்தால், சனி இரவு உயிர்ப்புத் திருவிழிப்பில் அதே கீதம் வரும்வரை மணி பேசாது, நடுவில் மரக்கட்டை தட்டுவதுதான். அந்த நாட்களில் சின்னப் பிள்ளைகள் கை எட்டாமல் கயிற்றை உயர்த்திக் கட்டிவிடுங்கள்.

இடி முழங்கினால் கோபுரத்துக்குள் நிற்க வேண்டாம், கயிற்றைத் தொடவும் வேண்டாம். மழை மேகத்தைக் கலைக்க மணி அடித்து மின்னலில் செத்தவர்கள் பழைய காலத்து பிரான்சில் நிறையப் பேர். ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் 6 மணி பிந்தினால் பிந்தட்டும்.

நம்ம ஊர் உப்புக் காற்றில் வெண்கலம் தாங்கும், இரும்புதான் தாங்காது. நாக்கு தொங்குகிற ஆணி, அச்சு, தாங்கி எல்லாவற்றையும் மாரிக்கு முதலும் பிறகும் பார்த்து கிறீஸ் வையுங்கள். மணிக்குப் பெயின்ட் அடிக்க யாரும் வந்தால் தடுத்துவிடுங்கள், நாதம் கெடும். நாக்கு படுகிற இடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் தெரிந்த ஆளைக் கொண்டு மணியைத் திருப்பிப் பூட்டலாம், புது இடத்தில் அடிக்கும். நைலோன் கயிறு வெயிலுக்கு நைந்துபோகும், கையிலும் வழுக்கும், தும்புக் கயிறு மாரியில் உக்கும், எதைப் போட்டாலும் கைபிடிக்கிற இடத்தையும் கப்பியில் உரசுகிற இடத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டே இருங்கள். கோபுரத்துக்குள் மணிக்குப் பக்கத்தில் நின்று அடிக்கிறவர் காதுக்கு ஏதாவது வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், இந்த வேலைக்குக் காதுதான் முதல்.

ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணியைப் போடலாமே என்று கேட்பார்கள். அதில் இறந்தவர் யார் என்று தெரிந்து அடிக்கிற கை இல்லை, எனக்கு அது மணியே இல்லை. ஆனால் கையால் அடிக்கிறதென்றால் நாள் தவறாமல் ஆள் வேண்டும், காய்ச்சல் என்றாலும் கலியாணவீடு என்றாலும். ஆகவே தொடங்கின வருஷமே இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்குங்கள், கோபுரக் கதவின் திறப்பில் ஒன்றை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.