கல்லூரி பேஸ்பால் அணியை ஆண்டுக்கணக்கில் கலையாமல் நடத்த

பட்டப்படிப்பு 3 வருஷம்தான். பயிற்சியாளர் 25 வருஷம் இருந்தாலும் பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் ஜூன், ஜூலையில் அட்மிஷன் முடிந்ததும் முதலாண்டிலிருந்து 6 பேரையாவது எடுத்துவிடுங்கள். 9 பேரும் இறுதியாண்டாக இருக்கும் அணி அடுத்த வருஷம் காலி.

பாளையங்கோட்டைப் பக்கம் வருகிறவர்கள் எல்லாம் கிரிக்கெட் பையன்கள். க்ளவுஸ் மாட்டிய கையிலும் பந்தை உள்ளங்கையில்தான் வாங்குவார்கள், அடித்துத் தெறித்துவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வலையில் வாங்கி, மறு கையால் உடனே மூடச் சொல்லுங்கள்.

பேட் பிடிப்பவனுக்குப் பந்தை எறிகிற பிட்சராக வேகப்பந்து வீச்சாளரைப் பிடித்துப் போடாதீர்கள். அவன் முழங்கையை மடக்காமல் வீசியே பழகியவன். பவுண்டரியிலிருந்து ஸ்டம்பைத் தட்டுகிறவன்தான் நமக்கு ஆள். முதலில் 10 மீட்டரில் எறியட்டும். குறி நின்ற பிறகு, ஆட்டத்தில் பிட்சர் எறியும் தூரமான 18.44 மீட்டர். எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே இறங்கினால் உட்புறம் வலிக்கும். வலி என்றால் அன்றைக்கு எறிதல் கிடையாது, மேட்ச்சாக இருந்தாலும் சரி.

பேஸ்கள் என்பவை ஓடித் தொட வேண்டிய, சதுரத்தின் நான்கு மூலைகள்; அடுத்தடுத்த பேஸ்களுக்கு இடையே 27.43 மீட்டர். பேட்டிங் செய்யும் மூலையான ஹோம் பிளேட்டிலிருந்து எதிர் மூலையான இரண்டாம் பேஸ் வரை டேப் பிடித்துப் பாருங்கள்: 38.80 மீட்டர் வராவிட்டால் சதுரம் கோணல். ஐப்பசி மழையில் கரிசல் மைதானம் ஷூவோடு ஒட்டும். அந்த நாட்களில் பேட்டிங்கை வராந்தாவில் டென்னிஸ் பந்தோடு வைத்துக்கொள்ளலாம்.