ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு முதல் தடவை போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சித்தி மகன் தன் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, சரியா இருக்கான்னு பாருங்க" என்றான். காலை 9 மணிக்கு ஸ்ரீரங்கப்பட்டணம், 10.30-க்கு மைசூர் அரண்மனை, மதியம் சாமுண்டி மலை, மாலையில் பிருந்தாவனம். 2009-ல் நான் போட்ட திட்டமும் இதேதான், நேரம்கூட மாறவில்லை. அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது சொந்தக்காரர்களையோ நண்பர்களையோ காவிரி நடுவே இருக்கும் அந்தத் தீவுக்குக் கூட்டிப்போகிறேன். புதிதாக வருகிற எல்லோரும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள்.

தண்ணீர் பாட்டில், தொப்பி பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வேன்காரர் சொல்லும் வரிசையில் பார்ப்பது

இதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நாங்கள் வேலூர்க்காரர்கள். 1799-ல் தன் தலைநகரமான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் இறந்தபிறகு அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தது எங்கள் ஊர்க் கோட்டையில்தான். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து அங்கே ஏற்றியது திப்புவின் கொடி. அப்பா பள்ளியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தியவர். இந்த இரண்டு கோட்டைகளையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தப் பாடத்தை அவர் முடித்ததே இல்லை. ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் நான்தான் கூட்டிப்போனேன்.

வேன் எங்களை முதலில் இறக்கிவிட்டது கும்பஸில். திப்புவும் அவருடைய அப்பா ஹைதர் அலியும் அம்மாவும் அடக்கமான இடம் அது, தீவின் கிழக்குப் பக்கம். அடுத்து தரியா தௌலத் மாளிகை. அதன்பிறகு கோட்டைக்குள் ரங்கநாதர் கோயில். கடைசியில் திப்பு விழுந்த இடத்தில் நட்டிருக்கும் கல், பத்து நிமிடம். ஆக, சமாதியைப் பார்த்துவிட்டு சாவைப் பார்க்கிறோம். நடுவில் போர் எங்கே நடந்தது என்று யாரும் காட்டவில்லை.

அப்பா அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "சுவர் உடைஞ்ச இடம் எதுடா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டிரைவருக்கும் தெரியவில்லை. மைசூர் அரண்மனைக்கு நேரமாகிறது என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அப்பா மறுபேச்சில்லாமல் வந்து வண்டியில் ஏறினார்.

2012 மே மாதம் நான் தனியாகப் போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். கோட்டையின் வடமேற்கு மூலையில் 1907-ல் மைசூர் அரசு எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. அதன் பக்கத்தில் மதில் விளிம்பில் நின்றால் கீழே காவிரி. அதற்குள் அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. போனில் எடுத்துவந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்கு நான் காட்ட முடிந்தது அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், கோட்டையை அந்தத் தூணிலிருந்து தொடங்குங்கள். 1799 மே 4, பிற்பகல் ஒரு மணி. கிழக்கிந்தியக் கும்பினிப் படையை நடத்திவந்த ஜெனரல் ஹாரிஸின் பீரங்கிகள் நாள்கணக்கில் அடித்து அந்த மூலையில் மதிலை உடைத்திருந்தன. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்க்கரைப் பதுங்குகுழியிலிருந்து எழுந்து, பாறையும் தண்ணீருமாகக் கிடந்த ஆற்றைக் கடந்து ஓடிவந்தார்கள். முன்னால் வந்த ஜெனரல் பேர்ட், இதே ஊரில் நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கைதியாகக் கிடந்தவர். ஆறே நிமிடத்தில் உடைப்பின் மேல் அவர்கள் கொடி ஏறிவிட்டது. அங்கிருந்து படை இரண்டாகப் பிரிந்து, ஒன்று தெற்கு மதில் வழியாகவும் மற்றது வடக்கு மதில் வழியாகவும் போனது.

நீங்கள் வடக்கு மதிலோரமாக நடங்கள். திப்பு அப்போதுதான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். நம்பிக்கைக்குரிய தளபதி சையத் கஃபார் பீரங்கிக் குண்டில் செத்த செய்தி வந்தது. எழுந்து இந்தப் பக்கம்தான் வந்தார். குறுக்குத்தடுப்பு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பின்வாங்கி, கடைசியில் தண்ணீர் வாயில் பக்கம் விழுந்தார். அன்றிரவு தீவட்டி வெளிச்சத்தில் பிணக்குவியலைப் புரட்டித்தான் உடலைக் கண்டெடுத்தார்கள். உடைப்பிலிருந்து நடந்து வந்து அந்தக் கல்லைப் பார்க்கிறவருக்கு அதைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. வேனிலிருந்து இறங்கிப் பார்ப்பவருக்கு அது கம்பிவேலிக்குள் இருக்கிற இன்னொரு கல்.

கோட்டைக்கு மட்டும் அரை நாள். மைசூரை மறுநாளைக்குத் தள்ளுங்கள், பதினைந்து கிலோமீட்டர்தானே.

ஆறு நிரம்பியிருக்கும்போது போவது

ஜூலை, ஆகஸ்டில் காவிரி பார்க்க அழகு. ஆனால் கரைபுரளும் தண்ணீரைப் பார்த்தால், இதை எப்படிக் கடந்தார்கள் என்ற கேள்வியோடுதான் ஊர் திரும்புவீர்கள். 1799-லும் அதுதான் கவலை: குடகில் மழை பிடித்தால் ஆறு ஏறிவிடும், முற்றுகை குலைந்துவிடும். ஹாரிஸின் படையிடம் அரிசியும் தீர்ந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பிய அந்தப் பெரிய மாட்டுவண்டிப் படைக்கு மே மாதம்தான் கடைசி வாய்ப்பு. மழைக்காலம் வரை தாக்குப்பிடித்துவிட்டால் போதும் என்பதுதான் திப்புவின் கணக்கும்.

இப்போது மேலே கண்ணம்பாடி அணை இருப்பதால் தண்ணீர் அளவு அணை திறப்பைப் பொறுத்தது. பொதுவாக ஏப்ரல், மே மாதங்களில் பாறைகள் வெளியே தெரியும். வெயில் கடுமைதான். ஆனால் அந்தப் பிற்பகல் ஒரு மணி வெயிலும் போரின் ஒரு பகுதி. காவலர்கள் ஓய்ந்திருக்கும் நேரம் என்பதால்தான் அந்த வேளையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1792-ஐயும் 1799-ஐயும் குழப்பிக்கொள்வது

முற்றுகை இரண்டு. முதலாவது கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் நடத்தியது. 1792 பிப்ரவரி 6 இரவு தீவுக்கு வடக்கே இருந்த திப்புவின் படைமுகாமைத் தாக்கினார். கோட்டை விழவில்லை, உடன்படிக்கை ஆனது. பாதி ராஜ்யம் போனது, இரண்டு மகன்கள் பிணையாக மதராஸுக்குப் போனார்கள். திண்டுக்கல்லும், இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பாராமகாலும் கும்பினி கைக்குப் போனது அப்போதுதான். சேலம், தர்மபுரியிலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் அதுவரை கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று கேட்கிறார்கள். முடிந்தால் காலையில் கரிகட்டா மலையில் ஏறிவிடுங்கள். ஆறு இரண்டாகப் பிரிந்து தீவைச் சுற்றுவது மேலிருந்து பார்க்கையில்தான் புரியும்.

தரியா தௌலத்தில் தலையைக் குனிந்து உள்ளே நுழைவது

எல்லோரும் நேராக உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கிறார்கள். மேற்குப் பக்க வெளிச்சுவர் முழுக்க ஓவியம் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நம் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையை நொறுக்கிய போர் அது. நடுவில் சதுரமாக அடைபட்ட படை, வெடிக்கிற மருந்துவண்டி, பல்லக்கில் காயத்தோடு அந்தப் படையின் தலைவர் கர்னல் பெய்லி. இவர் பெயரைத்தான் கோட்டையின் நிலவறைக்கு வைத்திருக்கிறார்கள். 1782-ல் இந்த ஊரிலேயே கைதியாக இறந்தார்.

ஓவியம் அழிந்து, மறுபடி தீட்டப்பட்டது. ஒருமுறை தீட்டச் சொன்னவர் 1799-க்குப் பிறகு இந்த மாளிகையில் தங்கியிருந்த ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி. தன் தரப்பு தோற்ற போரின் படம் அது. குறைந்தது இருபது நிமிடம் அங்கே நில்லுங்கள். பெய்லியின் பல்லக்கைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மற்றதையெல்லாம் மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள்.

"துரோகம்" என்ற ஒரே சொல்லோடு திரும்புவது

திப்புவின் அமைச்சர் மீர் சாதிக்தான் கோட்டையைக் காட்டிக்கொடுத்தார் என்ற கதை வழிகாட்டிகளிடம் உண்டு. கேளுங்கள், அவர் மேல் சந்தேகப்படக் காரணங்கள் இருந்தன. ஆனால் உடைந்த மதில், வற்றிய ஆறு, ஒரு மணி வெயில் இவற்றைக் கண்ணால் பார்த்தபிறகு அந்த ஒரு சொல் போதாது என்று உங்களுக்கே தெரியும்.

லால் மஹாலைத் தேடுவது

திப்பு வாழ்ந்த அரண்மனை. இப்போது இல்லை, அடித்தளம் மட்டும்தான்.

கோயில் நேரத்தைக் கவனிக்காமல் விடுவது

ஆதிரங்கனைச் சேவிக்காமல் நம்மவர்கள் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொண்டு, நடை சாத்தியிருக்கும் நேரத்தில் மதிலோரம் நடங்கள். வைகுண்ட ஏகாதசி, ரதசப்தமி அன்று கோட்டை பார்க்க வராதீர்கள்.

சங்கமத்தில் இறங்குவது

வேண்டாம். சுழல் இருக்கிறது.

வழியில் தவறவிடுவது

பெங்களூரிலிருந்து வரும் புதிய விரைவுச்சாலை ஊருக்குள் வராமல் சுற்றிப் போகிறது. வெளியேறும் இடத்தை விட்டுவிட்டால் மைசூரில்தான் நிற்பீர்கள். என்னைக் கேட்டால் ரயில் நல்லது. எல்லா வண்டியும் நிற்காது, பார்த்துப் பதியுங்கள். தண்டவாளமே கோட்டையை ஊடுருவித்தான் போகிறது. 2017-ல் இரட்டைப் பாதை போடுவதற்காகத் திப்புவின் வெடிமருந்துக்கிடங்கு ஒன்றை இடிக்காமல், கட்டடத்தை அப்படியே பெயர்த்து நகர்த்தி வைத்தார்கள். கேட்டுப் போய்ப் பாருங்கள்.

கோவை, ஈரோட்டிலிருந்து காரில் வருகிறவர்கள் திம்பம் மலைப்பாதையில் இரவு நேரத் தடை இருப்பதை மனதில் வையுங்கள். கும்பஸைக் கடைசியாக, சாயங்கால வெயிலில் பார்த்துவிட்டு அன்றே திரும்ப நினைத்தால் நடக்காது. ஒரு இரவு தங்குங்கள்.