பழைய ரெக்கார்ட் பிளேயரின் டோன் ஆர்மில் ஸ்டீரியோ இணைப்பு

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வீடுகளின் பரணில் கிடக்கும் மோனோ ரெக்கார்ட் பிளேயரை ஸ்டீரியோவாக மாற்ற விரும்புவோர், ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்முக்குள் ஓடும் இரண்டு கம்பிகளுக்குப் பதிலாக நான்கைக் கோக்க வேண்டும். பழைய கம்பியை உருவும் முன் அதன் முனையில் ஒரு நூலைக் கட்டிவிட்டால், புதியவற்றை அந்த நூலைக் கொண்டே எளிதாக இழுத்துவிடலாம். வழக்கமான நிறமுறைப்படி வெள்ளை இடப்பக்க ஒலிக்கும், நீலம் அதன் எர்த்துக்கும், சிவப்பு வலப்பக்க ஒலிக்கும், பச்சை அதன் எர்த்துக்கும் உரியவை.

கம்பி தலைமுடி போல மெல்லியதாக இருப்பது மிக முக்கியம். தடித்த கம்பி சுழலும் இடத்தில் ஆர்மைப் பிடித்து இழுக்கும், ஊசி பள்ளத்தில் சீராக ஓடாது. இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடிப் பார்க்கலாம். சுழலும் இடத்தில் சிறிது தளர்வாக விட்டு, ஆர்மைத் தட்டின் மையம் வரை நகர்த்திப் பாருங்கள்.

கம்பி முனைகளுக்கான சிறு கிளிப்புகளைத் தனியே வைத்து சால்டர் செய்த பிறகே, ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜின் பின்களில் மாட்ட வேண்டும். பின்னில் நேராகச் சூடு பட்டால் உள்ளிருக்கும் நுண்ணிய சுருள் கெட்டுவிடக்கூடும். மல்டிமீட்டரால் சோதிக்கும்போதும் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடுங்கள். உலோக ஆர்ம் என்றால், அதன் உடலிலிருந்து ஐந்தாவதாக ஒரு கம்பியை ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனைக்குக் கொண்டுபோனால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். மேக்னடிக் கார்ட்ரிட்ஜின் சிக்னல் சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், ஆம்ப்ளிஃபையரில் ரெக்கார்ட் பிளேயருக்கென்றே உள்ள ஃபோனோ உள்ளீட்டில்தான் அதை இணைக்க வேண்டும்.