அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கு இடம் தேர்வது எப்படி?

இடம் தேடுபவர் முதலில் குளிரைப் பார்க்க வேண்டும்; ஏனெனில் கருவியும் காற்றும் தாமே உமிழும் வெப்பக் கதிர்கள், மங்கலான விண்பொருள்களின் ஒளியை மூழ்கடித்துவிடுகின்றன. அண்டார்க்டிகாவின் டோம் சி மேட்டில் குளிர்கால வெப்பநிலை மைனஸ் 60 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதால், 2.4 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தையொட்டி அங்குள்ள வானம், மிதவெப்பப் பகுதி மலைகளில் காண்பதைவிடப் பன்மடங்கு இருண்டிருக்கும்.

அடுத்து, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும் நீராவி காற்றில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். உறைகுளிரும் உயரமும் சேர்ந்த இடத்தில் அது மிகக் குறைவு. தென்துருவமே 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

பலர் மறந்துவிடுவது, தரையையொட்டிக் கொந்தளித்து, தொலைநோக்கியில் தெரியும் படத்தைக் கலங்கச் செய்யும் காற்றடுக்கை. தென்துருவத்தில் அதன் தடிமன் 200 மீட்டரைத் தாண்டுகிறது. டோம் சியிலோ ஏறத்தாழ 30 மீட்டர்தான் என்பதால், கோபுரம் எழுப்பி அதன்மேல் தொலைநோக்கியை நிறுத்துவது அங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். கண்ணாடியில் படியும் உறைபனியை அகற்றும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.