"நான்தான் செய்தேன்" என்ற பிடி தளர: செய்து பார்க்க ஒரு வழி

கர்த்திருத்துவத்தை, அதாவது "நான்தான் செய்கிறேன்" என்ற எண்ணத்தை, விடப்போகிறேன் என்று கண்ணை மூடி உட்கார்ந்தால் அது போகாது. விடுகிற வேலைக்கு இன்னொரு கர்த்தா (செய்கிறவர்) வந்து குந்திவிடுவார். எனக்கு இரண்டு வருடம் இப்படித்தான் போனது. அதனால் எதையும் விட முயலாதீர்கள், பாருங்கள், அவ்வளவுதான்.

நடையில் தொடங்குவது சுலபம். திருகோணமலையில் இருப்பவர்கள் விடியப்புறம் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிப் பாருங்கள். கால் தானாக எடுபடுகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, ஓரத்தில் மான் அசைந்தால் கண் அந்தப் பக்கம் போகிறது, போன பிறகுதான் "நான் மானைப் பார்த்தேன்" என்று ஒரு நினைப்பு மெல்ல வந்து சேர்கிறது. அந்தப் பிந்தி வருகிற நினைப்பைக் கவனியுங்கள். கீதையின் 5ஆம் அத்தியாயத்தில் 8, 9 சுலோகங்கள் பார்ப்பது, கேட்பது, நடப்பது, மூச்சுவிடுவது, கண் இமைப்பது வரை ஒவ்வொன்றாகச் சொல்லி, உண்மை அறிந்தவன் இவற்றில் "நான் எதையும் செய்யவில்லை" என்று இருப்பான் என்கின்றன. இமைப்பதைக்கூட விடாமல் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும், சோதிக்க அதைவிடக் கிட்டத்தில் வேறென்ன இருக்கிறது?

நடை பழகியதும் கடற்கரையில் உட்கார்ந்து நினைப்புகளைப் பாருங்கள். அடுத்த நினைப்பு எதுவென்று முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா?

கரைவலை இழுப்பதையும் ஒருநாள் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றில் சாய்கிறார்கள், நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளுகிறது, காற்று மாறுகிறது, வலையின் மடியில் மீன் ஏறுகிறது அல்லது ஏறவில்லை. வலையை இழுத்தவர் யார் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு கையும் முழுப் பலத்தோடுதான் இழுக்கிறது. நம்முடைய வேலைகளும் இப்படித்தான் நடக்கின்றன.

இங்கே ஒரு தவறு நடக்கும். "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லி வாங்கிய கடனைக் கொடுக்காமல் இருப்பது, கடுஞ்சொல் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போவது. லாபம் வந்தபோதும் அப்படிச் சொன்னோமா என்று நம்மையே கேட்டால் தெரிந்துவிடும். எல்லாம் "எப்பவோ முடிந்த காரியம்" என்று சொன்ன யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியும் சும்மா இருக்கவில்லை, அவர்தான் 1935இல் சிவதொண்டன் மாத இதழையும் தொடங்கி வைத்தார். மன்னிப்புக் கேட்பதும் நடக்கட்டும், அதையும் பாருங்கள்.

பாராட்டில் பிடி சீக்கிரம் தெரியும், நெஞ்சு கொஞ்சம் நிமிரும். பழியில்தான் கஷ்டம். 2004 டிசம்பர் 26 சுனாமி அலையில், பிடித்திருந்த ஒருவரின் "கையை விட்டிட்டன்" என்று இன்றைக்கும் சொல்கிற மனிதர்கள் இந்தக் கரையோரம் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் கர்த்தா இல்லை என்று தத்துவம் பேசாதீர்கள், தயவுசெய்து. பக்கத்தில் இருங்கள், சொல்வதைக் கேளுங்கள்.

அந்தப் பாரம் உங்களுடையது என்றால், அதில் தொடங்க வேண்டாம். முதலில் தேநீர்க் கோப்பையைத் தூக்கும் கையைப் பாருங்கள், பல மாதம் பாருங்கள். பிறகு ஒருநாள், நம்பிக்கையான ஒருவர் அருகில் இருக்கும்போது, தண்ணீரின் வேகம், அந்த உடம்பின் பலம், அந்த நொடியின் பயம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, "நான் விட்டேன்" என்ற நினைப்பு எப்போது வந்தது என்று மட்டும் கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.