கையொப்பமிடாத நிறுவனத்தை நடுவர் தீர்ப்பாயத்தின் முன் கொண்டுவருவது எப்படி?

ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது ஒரு துணை நிறுவனம். பேரம் பேசியதும், சரக்கை அனுப்பியதும், பணத்தைப் பெற்றுக்கொண்டதும் அதன் தாய் நிறுவனம். தகராறு எழுந்து, துணை நிறுவனத்திடம் வசூலிக்க ஏதுமில்லை என்பது தெரிந்த பிறகுதான் தாய் நிறுவனத்தையும் நடுவர் தீர்ப்பாயத்துக்கு இழுக்க முடியுமா என்று பெரும்பாலோர் யோசிக்கிறார்கள். முடியும், ஆனால் நீங்கள் நிரூபிக்க வேண்டியது அவ்விரு நிறுவனங்களின் உறவை அன்று, நடுவர் ஒப்பந்தத்துக்கு, அதாவது தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் உடன்பாட்டுக்கு, தாய் நிறுவனம் தன் நடத்தையால் தந்த இசைவை.

முதலில் அந்த நடுவர் ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே குழுமத்தின் கையொப்பமிடாத நிறுவனங்களும் தரப்பினராகலாம் என்ற கோட்பாடு, 1982-இல் டவ் கெமிக்கல் வழக்கில் பாரிஸில் அமர்ந்த தீர்ப்பாயத்தின் முடிவால் பெயர்பெற்றது. இங்கிலாந்து நீதிமன்றமோ 2004-இல் பீட்டர்சன் ஃபார்ம்ஸ் வழக்கில் அதை ஏற்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 2023-இல் காக்ஸ் அண்டு கிங்ஸ் வழக்கில் கோட்பாட்டைத் தக்கவைத்தாலும், அதன் அடித்தளம் தரப்பினரின் பொது எண்ணமே என்று வரையறுத்தது. தீர்ப்பை நிறைவேற்றப்போகும் நாட்டையும் இப்போதே கணக்கில் கொள்ள வேண்டும். டல்லா வழக்கில் கையொப்பமிடாத பாகிஸ்தான் அரசுக்கு எதிராகப் பாரிஸில் வழங்கப்பட்ட தீர்ப்பை, பிரெஞ்சுச் சட்டத்தையே பொருத்திப் பார்த்து, நிறைவேற்ற மறுத்தது பிரிட்டன் உச்ச நீதிமன்றம் (2010). அதே தீர்ப்பை ரத்துசெய்ய மறுத்தது பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் (2011).

அடுத்தது ஆவணங்கள், வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பேச்சுவார்த்தை, நிறைவேற்றம், முறிவு ஆகிய மூன்று கட்டங்களிலும் கையொப்பமிடாத மூன்றாம் தரப்பு என்ன செய்தது என்பதைக் காலவரிசைப்படி அடுக்குங்கள்: வரைவைத் திருத்திய மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகள், பணம் வந்த வங்கிக் கணக்கு, ஒப்பந்தத்தை முறிக்கும் அறிவிப்பை அனுப்பியவர் யார் என்ற விவரம். இயக்குநர்கள் பொதுவானவர்கள், முகவரி ஒன்றே என்பவை மட்டும் போதா. எந்தக் குழுமத்திலும் அவை சாதாரணம்.

பிறகு சட்ட வழியைத் தேர்ந்தெடுங்கள். முகவர் வழி ஒப்பந்தம், உரிமை மாற்றம், வேறோர் ஆவணத்தின் நடுவர் பிரிவை மேற்கோளால் உட்படுத்துதல் ஆகியவை எளிதில் விளங்குபவை. ஒப்பந்தத்தின் பயனைக் கோரிக்கொண்டே அதன் நடுவர் பிரிவை மட்டும் மறுக்க முடியாது என்ற முரண்தடை வாதம் அமெரிக்காவில் வலுவானது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான நியூயார்க் உடன்படிக்கை அதற்குத் தடையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியது. நிறுவனத் திரையை விலக்கும் வாதத்தை, அதாவது துணை நிறுவனத்தின் தனிச் சட்ட ஆளுமையைப் புறக்கணித்து அதன் பொறுப்பைத் தாய் நிறுவனத்தின் மீது சுமத்தக் கோருவதை, மாற்று வாதமாக மட்டும் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. அது இசைவைச் சார்ந்ததன்று, பெரும்பாலும் மோசடியையோ திரையின் முறைகேடான பயன்பாட்டையோ காட்டும்படி கேட்கும்.

நடுவர் நடவடிக்கையைத் தொடங்கும் அறிவிப்பிலேயே மூன்றாம் தரப்பின் பெயரையும், அது கட்டுப்படுவதற்கான காரணங்களையும் சேர்த்துவிடுங்கள். இந்தியாவில் நடுவரை நியமிக்கும் கட்டத்தில் நீதிமன்றம் முதல்நோக்கில் மட்டுமே பார்த்து, இறுதி முடிவைத் தீர்ப்பாயத்திடம் விடுகிறது. ஆகவே முழுச் சான்றும் அங்கே தயாராக இருக்க வேண்டும். நீங்களே இழுக்கப்படும் மூன்றாம் தரப்பாக இருந்தால், அதிகார வரம்பு குறித்த ஆட்சேபத்தை முதல் பதிலிலேயே எழுத்தில் பதிவுசெய்யாமல் விசாரணையில் பங்கேற்காதீர்கள். அந்தப் பங்கேற்பே உங்கள் இசைவுக்குச் சான்றாகக் காட்டப்படலாம்.