கால் கை ஒத்துழைச்சு நடக்க: தொடு உணர்வையும் ரிஃப்ளெக்ஸையும் (யோசிக்காமலே உடம்பு தர்ற பதில்) பயன்படுத்திக்கிறது எப்படி

நடக்கும்போது எந்தக் காலைத் தூக்கணும், எந்தக் கையை வீசணும்னு யாரும் யோசிச்சு நடக்கிறதில்ல. அந்த அடிப்படைத் தாளத்துல பெரிய பங்கு தண்டுவடத்துக்கு, அதாவது முதுகெலும்புக்குள்ள ஓடுற நரம்புத் தண்டுக்கு இருக்கு. காலிலிருந்து வர்ற உணர்வு நரம்புகளை வெட்டின பிறகும் பூனையோட தண்டுவடம் தசைகளை மாத்தி மாத்தி இயக்கும்னு 1911லயே தாமஸ் கிரகாம் பிரௌன்ங்கிற உடலியல் ஆய்வாளர் காட்டிட்டார். ஆனா தரை மேடா பள்ளமா, கால் எதுலயாவது இடிச்சுதான்னு அந்தத் தாளத்துக்கு நொடிக்கு நொடி சொல்றது பாதத்துத் தோல்தான், அதனால நடை நல்லா இருக்கணும்னா தசையை மட்டும் கவனிச்சா பத்தாது, தோலையும் கவனிக்கணும்.

முதல்ல கையை ஃப்ரீயா விடுங்க. பாக்கெட்டுல கை, ரெண்டு கையிலயும் பை, இல்லன்னா மொபைலைப் பார்த்துக்கிட்டே நடை, இது மூணும் வேண்டாம். கையை உடம்போட ஒட்டி வெச்சு நடந்தா சுமார் 12 சதவீதம் கூடுதலா சக்தி செலவாகுதுன்னு 2009ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. வேணும்னே வீச வேண்டாம், தோளைத் தளர்த்தி விட்டா தானா வரும். ரொம்ப ஆமை வேகத்துல நடந்தா ரெண்டு கையும் ஒரே நேரத்துல முன்னும் பின்னும் ஆட ஆரம்பிச்சிடும், கொஞ்சம் வேகம் கூட்டினாத்தான் வலது கால் இடது கைங்கிற ஜோடி ஒழுங்கா வரும். அதனால நடைப் பயிற்சியை உங்களால முடிஞ்ச அளவு கொஞ்சம் சுறுசுறுப்பான வேகத்துலயே வெச்சுக்கோங்க.

அடுத்தது தடுக்கல். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். கால் தரையை விட்டுக் கிளம்பின உடனே பாதத்தோட மேல்பக்கம் எதுலயாவது பட்டா முட்டி இன்னும் மடங்கி கால் அந்தத் தடையைத் தாண்டிடும், ஆனா அதே இடி கால் கீழ இறங்கப்போற கடைசி நேரத்துல பட்டா காலைச் சட்டுனு கீழ வெச்சிட்டு அடுத்த கால்தான் தாண்டும். ஒரே தொடுகை, நடையோட எந்தக் கட்டத்துல வருதுங்கிறதைப் பொறுத்து பதில் மாறுது, அதுவும் யோசிக்க நேரமே இல்லாம, ஒரு நொடியில பத்துல ஒரு பங்குக்குள்ளயே தசை வேலையை ஆரம்பிச்சிடுது. பாதத்து நரம்பை லேசா தூண்டினா தோள்பட்டைத் தசை வரைக்கும் அதோட பதில் தெரியும். கையைக் கட்டிப்போட்ட மாதிரி நடக்க வேண்டாம்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்குக் காரணம் இதுதான், தடுக்கும்போது உடம்பு கையையும் சேர்த்துத்தான் காப்பாத்தப் பார்க்குது.

இதை நீங்களே உணர்ந்து பார்க்க ஒரு வழி. சுவர் பக்கத்துல ஒரு பாதத்துக்கு முன்னாடி இன்னொரு பாதத்தை ஒட்டி வெச்சு நில்லுங்க, பக்கத்துல யாராவது இருக்கட்டும். கண்ணை மூடினா உடம்பு ஆடும். இப்ப ஆள்காட்டி விரல் நுனியால சுவரை லேசா தொடுங்க, சாய வேண்டாம், சும்மா படுற அளவு போதும். ஆட்டம் குறையும். 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தம்தான், அது உங்களைத் தாங்கிப் பிடிக்கவே முடியாது, விரல் நுனி தர்ற தகவல்தான் பேலன்ஸைச் சரி பண்ணுது. இருட்டுல நடக்கும்போதும் படி இறங்கும்போதும் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காட்டியும் விரலாவது பட்டுக்கிட்டே வரட்டும். கைத்தடி தாங்குறதோட இதே வேலையையும் செய்யுது, பலம் குறைஞ்ச காலுக்கு எதிர்ப்பக்கக் கையில பிடிக்கணும், பலர் இதை மாத்திப் பிடிக்கிறாங்க.

செருப்பு ஷூ விஷயத்துல மெத்துமெத்துன்னு தடிமனான சோல் நடக்க சுகமா இருக்கும், ஆனா தரையோட தகவல் மங்கிப்போகும். வீட்டுக்குள்ள சுத்தமான தரையில கொஞ்ச நேரம் வெறுங்காலோட நடக்கலாம், முன்பாதத்தை ஊன்றி மெதுவா குதிகாலைத் தூக்கி இறக்கலாம்.

சர்க்கரை நோய் இருந்தா மட்டும் இந்த வெறுங்கால் யோசனையை விட்டுடுங்க. பாதத்துல உணர்வு குறைஞ்சிருக்கலாம், அதைத் தெரிஞ்சுக்க கண்ணை மூடிக்கிட்டு, ஒருத்தரைப் பஞ்சால கால் விரல் நுனிகளையும் உள்ளங்காலையும் தொடச் சொல்லி எங்க தொடுறாங்கன்னு சொல்லிப் பாருங்க. எங்கயாவது தெரியலைன்னா டாக்டர்கிட்ட போங்க, 10 கிராம் அழுத்தத்துல வளையிற மெல்லிய நைலான் இழையால அவங்க சரியா சோதிப்பாங்க. அதே மாதிரி நடக்கும்போது ஒரு பக்கக் கை மட்டும் வீசாம நின்னுபோச்சுன்னா தோள் வலின்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, பார்க்கின்சன் நோய் (உடம்போட அசைவைப் பாதிக்கிற மூளை நோய்) சிலருக்கு அப்படித்தான் ஆரம்பிக்கும், நரம்பியல் டாக்டர்கிட்ட ஒருமுறை காட்டிடுங்க.